பத்து வினாடிப் பந்தி

டக் என்றது. உஸ்ஸ் என்றது. அப்புறம் சத்தமில்லை. தமயந்தி மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பத்து என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மறுபடியும் டக், உஸ்ஸ். எண்ண வேண்டிய அவசியமே கிடையாது. ஒன்பது வருஷமாக எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை லேபில் இந்த மெஷினோடு குப்பை கொட்டுகிறவள் அவள், அதற்கு எண்ணத் தெரியும் என்பது அவளுக்கே தெரியும். இருந்தாலும் எண்ணினாள். எண்ணாவிட்டால் பார்வை கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே போய்விடும். வெளியே வராந்தா பெஞ்சில் பக்கிரிசாமி உட்கார்ந்திருந்தார். டாங்க் யார்டில் வால்வு திறந்து மூடுகிற ஆபரேட்டர், இருபத்தாறு வருஷ சர்வீஸ், ரிடையராக இன்னும் எட்டு மாசம். மடியில் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குள் நாலாக மடித்த ஒரு தாள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவர் அவளிடம் சொன்னார், சொன்னதிலிருந்து அவளால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவர்மேல் விசாரணை. பத்து ஐந்துக்கு எண்ணெய்ச் சாம்பிள் ஊசி வழியாக மெஷினுக்குள் இறங்கியது, நூறு நிமிஷ ஓட்டம், பதினொன்று நாற்பத்தைந்துக்கு முடியும். நடுவில் இருப்பது கால் மணி நேரம். அதற்குள் மெஷின் வரைகிற படத்தில் ஒரு புள்ளி நகர்ந்திருக்கிறதா, இல்லை நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஒரே ஒரு புள்ளி. கடுகை விடச் சின்னது. அதை நம்பி ஒரு மனுஷனுடைய பேர் தொங்குகிறது. ஏழு, எட்டு, ஒன்பது, டக்.

காலையில் அவரே வந்து கதவைத் தட்டியிருந்தார். "மேடம், உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னுதான்." என்ன அண்ணே என்று எழுந்தால், உள்ளே கூட வரவில்லை, வாசல்படியிலேயே நின்றுகொண்டு, "நான் எழுதிக் குடுத்துடறேன் மேடம். வால்வை மாத்தித் திறந்துட்டேன்னு. வயசாச்சு, கண்ணு ஏமாத்தியிருக்கும்" என்றார். திறந்தீங்களா அண்ணே என்று அவள் கேட்டாள். அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார், பாவி மனுஷன். "முதல்ல ஞாபகத்துல பச்சை வால்வுதான் இருந்துச்சு. ஆனா உங்க மெஷின் சொல்லுதே. மெஷினுக்கு என் மேல என்ன கோபம்? அது பொய் சொல்லாது மேடம். நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன்." கொஞ்சம் இருங்க அண்ணே, பன்னிரண்டு வரைக்கும் அதை யார்கிட்டயும் குடுக்காதீங்க, நான் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எதுக்கு மேடம் உங்களுக்குச் சிரமம் என்றார் அவர். சிரமமாம்! சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி காலண்டர். நீலப் பின்னணியில் மஞ்சளும் சிவப்புமாய், அவள் எடுத்த படம். அதைக் காட்டி, "இது எங்க வீட்டுக் கூடத்துலயும் மாட்டியிருக்கு மேடம், பேத்தி மயில் தோகைங்கிறா" என்று சொல்லிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். தமயந்தி காலண்டரை அவசரமாகத் திருப்பி மாட்டினாள். ஒரு படத்தைப் பார்த்து வெட்கப்படுகிற நிலைமை அவளுக்கு இதற்கு முன்னால் வந்ததில்லை.

அந்தக் காலண்டரில்தான் எல்லா வினையும். எண்ணெய் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் தமயந்தி ஒரு மணி நேரம் பேசுவாள், அவள் புருஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் எப்படிப் பேசாமல் இருப்பது? ஒரு துளி. ஊசி முனையில் நிற்கிற ஒரு துளியில் பத்தில் ஒரு பங்கு. வெளியே பார்த்தால் தண்ணீர் மாதிரி, மண்ணெண்ணெய் வாடை, அவ்வளவுதான். அதை இந்த அடுப்புக்குள் அனுப்பினால் தலைமுடி கனத்தில் முப்பது மீட்டர் கண்ணாடிக் குழாய், சுருட்டி வைத்திருக்கிறது, அதற்குள் ஓடுகிறது. உள்ளே இருக்கிற மூலக்கூறுகளில் லேசானவர்கள் முன்னால், கனத்தவர்கள் பின்னால். பழைய மெஷின் என்றால் அதோடு சரி, ஒரு நீளக் கோடு, மேலே கீழே பல் பல்லாய், ஒரு பல்லுக்குள் நாற்பது பேர் ஒளிந்திருப்பார்கள், யார் யார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். இந்த மெஷின் அங்கே நிறுத்தாது. முதல் குழாயின் வாயில் பனியை விடக் குளிர்ந்த காற்றை அடித்து, வருகிறவர்களை அப்படியே உறைய வைத்துப் பிடித்துக்கொள்ளும். பத்து வினாடி. அப்புறம் சூடான காற்று ஒன்று, டக், உஸ்ஸ், பிடித்த அத்தனை பேரையும் ஒரே தள்ளாய் இரண்டாவது குழாய்க்குள் தள்ளும். அது குட்டைக் குழாய், குணம் வேறு. முதல் குழாய் கனத்தைப் பார்த்துப் பிரிக்கும், இது சுபாவத்தைப் பார்த்துப் பிரிக்கும். கடைசியில் ஒரு சுடர். ஹைட்ரஜன் சுடர், கண்ணுக்கே தெரியாது, ஸ்பானரை மேலே பிடித்தால் ஈரம் படியும், அப்போதுதான் எரிகிறது என்று தெரியும். அந்தச் சுடரில் விழுந்து எரியும்போதுதான் ஒவ்வொருவரும் நான் வந்தேன் என்று சொல்வார்கள். பத்து வினாடிக்கு ஒரு நிமிர்ந்த கோடு, எத்தனையாவது வினாடியில் வந்தாரோ அந்த உயரத்தில் அவருக்கு ஒரு புள்ளி. கோட்டுக்குப் பக்கத்தில் கோடு. நூறு நிமிஷத்தில் அறுநூறு கோடு சேர்ந்து ஒரு படம். முதன்முதலில் அந்தப் படம் திரையில் வந்த அன்றைக்கு அவள் சாப்பிடப் போகவில்லை. அடேயப்பா என்று வாய்விட்டுச் சொன்னாள், பக்கத்தில் யாருமில்லை. ஆயிரக்கணக்கான பேர், ஒருவரை ஒருவர் இடிக்காமல், ஓட்டுக் கூரையில் ஓடு அடுக்கியது போல வரிசை வரிசையாய்ச் சாய்ந்து நின்றார்கள். மனுஷன் யாரும் அடுக்கவில்லை. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கடலில் செத்த பூச்சியும் பாசியும் இப்படி ஒழுங்காய் உட்கார்ந்திருக்கிறதே என்று அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த அழகுதான் அவளைக் கெடுத்தது. அக்டோபரில் காலண்டருக்குப் படம் வேண்டும் என்றார்கள். பத்து வினாடியில் படம் கொஞ்சம் முரட்டு நெசவாய் இருக்கும். ஆறு வினாடிக்குக் குறைத்தால் பட்டு மாதிரி நுணுக்கமாய் வரும். குறைத்தாள். வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். லேப் மேனேஜர் இளஞ்சேரன் பிரேம் போட்டு மேஜையில் வைத்தார். அந்த ஆறை மறுபடியும் பத்தாக்கவில்லை அவள். மறந்தாளா? மறக்கவில்லை என்பதுதான் உண்மை. இன்னும் நாலு நாள் இப்படியே இருக்கட்டுமே, வேலைக்கு வேலை, கண்ணுக்கும் குளிர்ச்சி என்று விட்டுவிட்டாள். டிசம்பரில் விமான எண்ணெய் டாங்கிலிருந்து சாம்பிள் வந்தது. படத்தின் வலது ஓரத்தில், கனத்தவர்கள் வந்து முடிகிற இடத்தில், மூன்றாவது வினாடி உயரத்தில் ஒரு புள்ளி. பழைய படத்தை வைத்துப் பார்த்தாள். தாவர எண்ணெயில் செய்கிற பயோடீசல் உட்கார வேண்டிய இடம். பத்து லட்சத்தில் அறுபது பங்கு. ஐம்பதுக்கு மேல் போனால் விமானத்துக்கு ஆகாது. பயோடீசல் கலந்த டீசல் போகிற குழாயும் விமான எண்ணெய்க் குழாயும் யார்டில் அடுத்தடுத்து ஓடுகின்றன, நடுவில் இரண்டு வால்வு, விமான எண்ணெய்க்குப் பச்சை, டீசலுக்கு மஞ்சள். அன்றைக்கு ஷிப்டில் இருந்தவர் பக்கிரிசாமி. அவ்வளவுதான், முடிந்தது கதை. அவள் கையெழுத்துப் போட்டாள், டாங்கைப் பூட்டினார்கள். அறுபது பங்குக்கு ஒரு மனுஷன்.

ஆனால் அந்தப் புள்ளி கொஞ்சம் பருமனாக இருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், தன்னிடம் சொல்ல முடியுமா? அக்கம்பக்கத்துப் புள்ளிகளெல்லாம் ஒல்லியாய் நறுக்கென்று இருக்க, இது மட்டும் கலங்கியது போல, ஓரம் தேய்ந்தது போல இருந்தது. சரி, அதிகமாய் இருக்கிறது போல என்று கடந்துபோனாள். அதிகமாவது மண்ணாவது. நேற்று எர்ணாவூரில் நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. மண்டபத்தில் முதல் பந்தி எழுந்துவிட்டது, இலையெல்லாம் எடுத்தாச்சு, புது இலை போட்டு ரெண்டாம் பந்தி உட்கார்ந்துவிட்டது. நடுவில் ஒரே ஒருவர் மட்டும் பழைய இலையில் இன்னும் ரசத்துக்கே வரவில்லை, நிதானமாய்ச் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார். பரிமாறுகிறவன் அவரையும் புதுப் பந்திக்காரர் என்று நினைத்து இனிப்பிலிருந்து ஆரம்பித்தான். தமயந்தியின் கையில் இருந்த அப்பளம் அப்படியே நின்றது. இரண்டாவது குழாயில் மெதுவாகப் போகிறவர் ஒருவர் இருந்தால்? ஆறு வினாடிக்குள் முடிக்கத் தெரியாதவர். ஒன்பது வினாடி எடுத்துக்கொள்கிறவர். அவருடைய பந்தி முடியும் முன்பே அடுத்த பந்தியை உள்ளே தள்ளினால், ஒன்பதில் ஆறு போக, அவர் அடுத்தவர்களோடு மூன்றாவது வினாடியில் வந்தது போலத்தானே தெரியும்? குழாயில் அதிக நேரம் கிடந்தவர் பருமனாகத்தானே வருவார்? அவள் அப்பளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். சாப்பாடு பிடிக்கலையா அண்ணி என்று நாத்தனார் கோபித்துக்கொண்டாள்.

டக், உஸ்ஸ். மணி பத்து ஐம்பது. காலையில் ஆறை மறுபடியும் பத்தாக்கித்தான் ஓட விட்டிருந்தாள். திரையில் இடது பக்கம் நிரம்ப ஆரம்பித்திருந்தது. அடிவரிசையில் நேர்ச்சங்கிலிக்காரர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிற்பது போல் உயர வரிசையில். அதற்கு மேலே வளையம் உள்ளவர்கள். ஒற்றை வளையம், அதற்கும் மேலே இரட்டை வளையம். வளையம் கூடக்கூட இரண்டாவது குழாயை விட்டு வர மனசில்லாமல் ஒட்டிக்கொண்டு மெதுவாக வருவார்கள். மூன்று வளையக்காரர் விமான எண்ணெயில் பொதுவாக இருக்க மாட்டார். ஆனால் நவம்பரிலிருந்து கொஞ்சம் கனமான கச்சா எண்ணெய் இறங்குகிறது, அதை அவள் மறந்தாளா என்ன, அதுவும் தெரியும், எல்லாம் தெரியும், தெரிந்தும் என்ன பிரயோஜனம். போன் அடித்தது. இளஞ்சேரன். "என்ன மேடம், அந்த டாங்க் சாம்பிளை மறுபடி போட்டிருக்கீங்களாமே? ரிப்போர்ட் போயாச்சு. அந்தாளே ஒத்துக்கிறேன்னு சொல்றாராம். எதுக்குக் குட்டையைக் குழப்புறீங்க?" சும்மா ஒரு சரிபார்ப்பு சார் என்றாள். சும்மா! இந்த வாய்க்கு வெட்கமே கிடையாது. அவர் கேட்டது ஒன்றுதான், அவள் மனசு அதற்குள் நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டது. அக்டோபரிலிருந்து ஆறு வினாடியில் ஓட்டிக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் நாற்பத்தொன்று. ஒன்று தப்பென்றால் நாற்பத்தொன்றையும் தோண்ட வேண்டும். அவளுடைய ஒன்பது வருஷமும் தோண்டப்படும். புள்ளி நகராமல் இருந்தால்? மூன்றாவது வினாடியிலேயே நின்றால் அது பயோடீசல்தான், அவள் சொன்னது சரி, தலை தப்பியது, வெளியே இருப்பவர் தலை போயிற்று. அப்படி நிற்கட்டும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், உள்ளே ஏதோ ஒன்று வேண்டிக்கொண்டது. வேண்டிக்கொண்டது அவள்தான். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்பாவும் மெதுவாகத்தான் சாப்பிடுவார். நினைக்க வேண்டாம் என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்ததுதான், இப்போது வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா தையல்காரர். பஸ்ஸிலிருந்து விழுந்து தாடை உடைந்து, சரியாகக் கூடாமல், இடது பக்கத்தால் மட்டும் மெல்லுவார். ஒரு இட்லிக்குக் கால் மணி நேரம். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அவருக்கு மட்டும் முதலில் தட்டு வைத்துவிடுவார்கள். அவள் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் நான் கடைசியில்தான் சாப்பிடுவேன் என்றவரைப் பிடித்து இழுத்து முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். முதல் பந்தி எழுந்தது. அவர் எழவில்லை. இரண்டாம் பந்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், அப்பாவை முன்னே பின்னே பார்க்காதவர், எல்லோருக்கும் கேட்கும்படி, "யாருய்யா இவரு, ரெண்டு பந்தியிலயும் உட்கார்ந்திருக்காரு? விட்டா மூணாவதுக்கும் இருப்பாரு போலிருக்கே!" என்றார். சிரித்தார்கள். நாலைந்து பேர்தான் சிரித்தார்கள். தமயந்தி மாலையும் கழுத்துமாய்ப் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அது எங்கப்பா, அவர் முதல் பந்திதான், அவருக்குத் தாடை சரியில்லை, மூன்றே மூன்று வாக்கியம். சொல்லவில்லை. புதுப்பெண் வாய் திறக்கலாமா என்று நினைத்தாளோ, வெட்கப்பட்டாளோ, யாருக்குத் தெரியும், வாய் வரவில்லை. அப்பா பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தார். பாயசம் இலையில் இருந்தது, மடிக்கும்போது ஓரமாய் வழிந்தது. கை கழுவிவிட்டு வந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். அதற்கப்புறம் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார், ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. எந்தக் கல்யாணத்திலும் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை அவள் பார்க்கவும் இல்லை.

பதினொன்று இருபது. அடுப்பு ஏறிக்கொண்டே இருந்தது, அறை முழுக்க அந்தச் சூட்டு வாசனை. படம் முக்கால்வாசி வந்துவிட்டது. என்ன பயம் இருந்தாலும் இதைப் பார்க்காமல் இருக்க முடிகிறதா பாருங்கள்! இரட்டை வளையக்காரர்கள் மேலே கூட்டமாய் வந்து நின்றார்கள், ஒவ்வொரு கூட்டத்திலும் சின்னது பெரியது என்று அண்ணன் தம்பிகள், சரிவாய், ஓடு ஓடாய். பத்து வினாடியில் நெசவு முரடாகத்தான் இருந்தது. முரடாக இருந்தாலும் ஒவ்வொருவரும் தன் இடத்தில் இருந்தார்கள். போன தடவை படத்தின் மேல் விளிம்பு நெருக்கிப் பிடித்த மாதிரி இருந்ததே, அழகு என்று நினைத்தோமே, அது அழகில்லை, மூச்சு முட்டல் என்று இப்போது தெரிந்தது. மேலே எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடமெல்லாம் வெட்டி என்றுதானே வெட்டிப் போட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வலது ஓரத்தையே பார்த்தாள். எண்பத்தெட்டாவது நிமிஷம். ஒன்றுமில்லை. எண்பத்தொன்பது. வெளியே பக்கிரிசாமி ஹெல்மெட்டிலிருந்து தாளை எடுத்துப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடியும் மடித்தார். தொண்ணூறு. மூன்றாவது வினாடி உயரத்தில் விரலை வைத்துத் திரையில் அழுத்திக்கொண்டிருந்தாள், அழுத்தினால் அங்கே வராது என்பது போல. டக், உஸ்ஸ். கோடு வந்தது. விரலுக்குக் கீழே நீலம். அடுத்த கோடு. நீலம். நீலம்தான். மூச்சை விடாமல் பார்வையை மெல்ல மேலே கொண்டுபோனாள். உச்சியில், ஒன்பதாவது வினாடிக்குச் சற்று மேலே, யாரும் இல்லாத அந்தப் பெரிய வெற்றிடத்தில், தன்னந்தனியாக ஒரு புள்ளி மஞ்சளாய்த் தெளிந்து வந்தது. கொஞ்சம் பருமன். ஓரம் கொஞ்சம் தேய்ந்தது. அவசரமே இல்லாமல் தன் நேரத்துக்கு வந்து, தன் இடத்தில் நின்றது. "வந்துட்டியாப்பா" என்றாள் தமயந்தி. எதிரே இருப்பது சாமியா சாம்பிளா என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெரியவில்லை. நிமிஷக் கணக்கில் அழுதாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அழுதாள்.

அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினாள். நாலே வரி. முந்தைய ரிப்போர்ட் தவறு. டாங்கில் பயோடீசல் இல்லை. மெஷினின் நேரத்தைக் குறைத்து வைத்தது நான், அதை யாரிடமும் சொல்லவில்லை. அக்டோபர் முதல் நாற்பத்தொரு ரிப்போர்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். கையெழுத்து. கதவைத் திறந்தாள்.

"அண்ணே, அந்தத் தாளைக் குடுங்க."

"கையெழுத்துப் போட்டாச்சு மேடம். தேதிதான் போடலை."

"குடுங்க. நீங்க உள்ள வாங்க."

அவர் பூட்ஸைக் கழற்றினார். வேண்டாம் அண்ணே, போட்டுக்கிட்டே வாங்க என்றதைக் காதில் வாங்கவில்லை. கோயிலுக்குள் வருகிற மாதிரி வெறுங்காலோடு வந்து திரைக்கு முன்னால் நின்றார். அவள் நாற்காலியைத் தள்ளி அவரை உட்கார வைத்து, மூன்றாவது வினாடியைத் தொட்டுக் காட்டினாள். "இங்க ஒண்ணு இருக்குன்னு நான் எழுதினேன். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டாங்க. இங்க ஒண்ணும் இல்ல, பாருங்க. அது மேல இருக்கு. அது நம்ம எண்ணெயோடவே பொறந்தது, யாரும் கலக்கலை. நீங்க பச்சை வால்வைத்தான் திறந்தீங்க."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, "கண்ணை மூடினா மஞ்ச வால்வைத் திறக்கிற மாதிரியே தெரிஞ்சுது மேடம், மூணு வாரமா" என்றார். "கையில அந்த வால்வோட சூடு கூடத் தெரிஞ்சுது. நெஜமாவே திறந்துட்டேன்னு நானே நம்பிட்டேன்."

"தப்பு என்னுதுண்ணே. மெஷின் மேல இல்ல, உங்க மேல இல்ல. எழுதிட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. "இதுவா நம்ம எண்ணெய்?" என்றார். "இத்தனை பேரா உள்ள? இருபத்தாறு வருஷமா இவங்களையா நான் குழாய்ல அனுப்பிக்கிட்டிருந்தேன்?" விரலைத் திரையில் படாமல் பிடித்து, வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே போய், உச்சியில் இருந்த தனிப் புள்ளியில் நிறுத்தினார். "இவரா அது?"

"அவர்தான்."

"என்ன பண்ணிட்டாரு பாவம்?"

"ஒண்ணும் பண்ணலைண்ணே. மெதுவா வந்தாரு. நான்தான் அதுக்குள்ள அடுத்த பந்தியைக் கூப்பிட்டுட்டேன்."

போன் அடித்தது. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம். பக்கிரிசாமி பதறி எழுந்து ஹெல்மெட்டைத் தேடினார். தமயந்தி அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

"உட்காருங்க அண்ணே. மெதுவா பாருங்க. விசாரணைக்காரங்க கொஞ்சம் காத்திருக்கட்டும்."

பிறகு போனை எடுத்தாள். "வர்றோம் சார்" என்றாள். "அவர் இன்னும் பார்த்து முடிக்கலை. முடிச்சதும் ரெண்டு பேருமா வர்றோம். ஆனா அங்க வந்து முதல்ல பேசப்போறது நான்."

பக்கிரிசாமி இடது ஓரத்திலிருந்து மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்திருந்தார். அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.